சிபிடி எண்ணெயும் ஹெம்ப் விதையும்: வாங்குமுன் லேபிளைப் படிப்பது எப்படி?

சிபிடி, டிஎச்சி இரண்டும் கஞ்சாச் செடியில் உள்ள வேதிப்பொருள்கள், போதை தருவது டிஎச்சி. ஹெம்ப் என்பது டிஎச்சி குறைந்த கஞ்சாச் செடி. முதலில் பார்க்க வேண்டியது, செடியின் எந்தப் பாகம் என்பதை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் (என்டிபிஎஸ்) பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி ‘கஞ்சா’, செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசின் ‘சரஸ்’. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. சிபிடி என்ற பெயரே அந்தச் சட்டத்தில் இல்லை. அதனால் ‘சிபிடிக்கு அனுமதி உண்டு’ என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

உணவாக விற்கும் விதை, விதை எண்ணெய்க்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2021 நவம்பரில் வரம்பு வைத்தது. டிஎச்சி விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10. சிபிடி கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கணக்குப் போட்டால் 30 கிராம் புட்டியில் சுமார் 2 மில்லிகிராம் சிபிடிதான் இருக்க முடியும். உணவு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் ‘1000 மி.கி. சிபிடி’யையும் ஒரே லேபிளில் பார்த்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

1000 மி.கி. போல அதிக சிபிடி உள்ள எண்ணெய் இங்கே ஆயுர்வேத மருந்தாகத்தான் விற்பனைக்கு வருகிறது. ‘ஆயுர்வேத மருந்து’ என்ற சொல், மூலப்பொருளாக விஜயா (கஞ்சாச் செடியின் ஆயுர்வேதப் பெயர்) இலை, மருந்து உற்பத்தி உரிம எண், தொகுதி (பேட்ச்) எண், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளும்படி எச்சரிக்கை எல்லாம் இருக்க வேண்டும். இலை என்று இல்லாவிட்டால் வாங்காதீர்கள்: அடர்த்தியான ஹஷிஷ் எண்ணெயைச் சட்டம் சரஸில் சேர்க்கிறது. ஆய்வகச் சான்றிதழின் தொகுதி எண்ணும் புட்டியின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சான்றிதழையே எல்லாப் புட்டிக்கும் காட்டக்கூடும். மருத்துவர் சீட்டையும் பில்லையும் புட்டியோடு வையுங்கள்.

‘கொஞ்சம்தானே, வழக்கு வராது’ என்பது தப்பு. கஞ்சாவில் 1 கிலோ வரையும் சரஸில் 100 கிராம் வரையும் ‘சிறு அளவு’தான், அதற்கும் ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. உரிமம் இல்லாமல் தொட்டியில் ஒரு செடி வளர்த்தாலும் 10 ஆண்டு வரை கடுங்காவல் வரலாம். உத்தராகண்டில் நாருக்கும் விதைக்கும் பயிரிடுவோர் உரிமம் வாங்கித்தான் விதைக்கிறார்கள், டிஎச்சி 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

நம் ஊரில் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பு வேறு செடி. ஹெம்ப் என்பதைச் ‘சணல்’ என்று மொழிபெயர்த்த விளம்பரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

சிங்கப்பூர் போகிறவர்கள் இந்தப் புட்டியைப் பெட்டியில் வைக்கவே கூடாது. அங்கே சிபிடியும் தடை செய்யப்பட்ட பொருள். இந்திய மருத்துவர் சீட்டைக் காட்டித் தப்பிக்க முடியாது.