வக்கீலை எதிர்த்து வக்காலத்து போடுமுன்

வக்கீல்கள் மீதான புகாரை விசாரிக்கும் பார் கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் புகார்தாரர்களுக்காக ஆஜராக ஆரம்பித்துப் பதினொரு வருடம் ஆகிறது. இந்த வேலையை எப்படிச் செய்வது என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

முதலில் கட்சிக்காரரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இது கொடுத்த ஃபீஸை வசூலித்துத் தரும் இடம் இல்லை. 1961-ஆம் வருட வழக்கறிஞர் சட்டத்தின் 35-ஆவது பிரிவுப்படி குழு புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை போடலாம், பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம். பணம் வேண்டுமென்றால் சிவில் கோர்ட்தான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் வழியில்லை என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்து, கோபத்தை வடிகட்டுங்கள். என் முதல் கேஸில் கட்சிக்காரர் சொன்ன ஒன்பது குற்றச்சாட்டையும் அப்படியே போட்டேன். எதிர்த்தரப்பு சீனியர் அதில் நோஞ்சானாக இருந்த நான்கை எடுத்து உடைத்தார். மிச்சம் ஐந்தையும் குழு நம்பவில்லை. இப்போது இரண்டுக்கு மேல் எழுதுவதில்லை. இங்கே சிவில் வழக்கு அளவு நிரூபணம் போதாது, கிட்டத்தட்ட கிரிமினல் கேஸ் மாதிரி நிரூபிக்க வேண்டும். ஒரு வாய்தாவுக்கு வராமல் போனது கவனக்குறைவு, அதோடு போச்சு. போடாத வழக்கைப் போட்டதாகச் சொன்னது தொழில் தவறு. இந்த இரண்டாவது ரகத்தைத்தான் தேட வேண்டும்.

மேலூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது என்று நான்கு வருடமாக நம்பிக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு முறை ஆபீசுக்குப் போனபோதும் அடுத்த வாய்தா தேதியைக் குமாஸ்தா துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். மஞ்சப்பையில் பதினான்கு சீட்டு, ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை. பழைய காலண்டர்களை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு தேதி ஞாயிற்றுக்கிழமை. ஒன்று மே மாத நடுவில், சிவில் கோர்ட் கோடை விடுமுறையில். ‘என் கையெழுத்து இல்லை’ என்று வக்கீல் சொல்வார் என்பது தெரியும். நல்ல வேளை, மூன்று சீட்டில் அவர் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. குறுக்கு விசாரணையில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: “சார், ஞாயிற்றுக்கிழமை எந்த கோர்ட்டில் வாய்தா?” அவர் திரும்பிக் குமாஸ்தாவைப் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் யோசிக்க நேரம் கிடைத்திருக்கும்.

ஆனால் சீட்டு மட்டும் போதாது. வழக்கே போடவில்லை என்று காட்ட வேண்டும். கோர்ட் வழக்கு விவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் ஆப்பில் கட்சிக்காரர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி உட்காராமல், நகல் மனு போட்டு சூட் ரிஜிஸ்டரின் (கோர்ட்டின் வழக்குப் பதிவேடு) சான்றிட்ட நகலை வாங்குங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு இருந்தால் மின்னணு ஆதாரத்துக்கு வேண்டிய, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள்.

நீங்களாக வாய்தா கேட்காதீர்கள். மாநில பார் கவுன்சில் ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் வழக்கு இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். மேலூர் அம்மா டெல்லிக்கு எப்படிப் போவார்? இறுதி உத்தரவு போட குழுவின் மூன்று பேரும் இருந்தாக வேண்டும். ஒருவர் வராத நாளில் சாட்சியையாவது விசாரித்துவிடுங்கள், அதற்குத் தடையில்லை.

நடுவில் சமரசப் பேச்சு வரும், அநேகமாக கேன்டீனில், டீயோடு. நாளைக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கப்போகிறவர்கள்தான், டீயைக் குடியுங்கள். கேஸைப் பற்றி மட்டும் பேச வேண்டாம். பணம் திரும்பக் கிடைத்தால் வாங்குவதா வேண்டாமா என்பது கட்சிக்காரர் பாடு. ஆனால் சமரசமாகிவிட்டது என்பதற்காக மட்டும் விசாரணையைக் கைவிட முடியாது என்று விதியே இருக்கிறது. இது பல வக்கீல்களுக்கே தெரியாது.

தண்டனை பற்றி வாதாடுமுன் ரங்கதுரை வழக்கைப் படியுங்கள். இரண்டு புரோநோட்டுக்கு வழக்குப் போடப் பணம் வாங்கிக்கொண்டு போடாமலே விட்ட தமிழ்நாட்டு வக்கீல் அவர். 1978-இல் உச்ச நீதிமன்றம் வெறும் தடையோடு நிற்காமல், இலவச சட்ட உதவி வேலைக்கு அவரை அனுப்பும் வழியைத் தேடியது.

உத்தரவு கைக்கு வந்த தேதியை அன்றே டைரியில் எழுதுங்கள். இந்திய பார் கவுன்சிலில் அப்பீலுக்கு 60 நாள். அங்கேயும் தோற்றால் உச்ச நீதிமன்றத்துக்கு இன்னொரு 60.