டிராஃப்ட் பிக் ட்ரேட்ல யாருக்கு லாபம்னு நீங்களே கணக்கு போட்டுப் பாக்குறது எப்படி

என்எஃப்எல் டிராஃப்ட், அதாவது அமெரிக்க ஃபுட்பால் டீம்ங்க வருஷா வருஷம் புது பிளேயருங்களை வரிசையா எடுக்குற நிகழ்ச்சி, அதை பாக்க ஆரம்பிச்ச புதுசுல ட்ரேட்னு வந்தாலே எனக்கு தலை சுத்தும், ஒரு டீம் மேல ஏறுது, இன்னொண்ணு கீழ இறங்குது, ஸ்க்ரீன்ல நாலஞ்சு நம்பர் ஓடுது, உடனே ஒருத்தர் "ரொம்ப குடுத்துட்டாங்க"ன்னு சொல்றாரு, எதை வச்சு சொல்றாருன்னே புரியாது. அப்புறம் ஒரு நோட்டு எடுத்து ஒவ்வொரு ட்ரேடையும் நானே கூட்டிப் பாக்க ஆரம்பிச்சேன். ப்ளஸ் மைனஸ் தெரிஞ்சா போதும், யாரு வேணாலும் பண்ணலாம், ஆனா கூட்டி முடிச்சதுக்கு அப்புறம் யோசிக்க வேண்டியதுதான் நிறைய இருக்கு.

அடிப்படை தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. 32 டீம், 7 ரவுண்டு, போன சீசன்ல மோசமா ஆடின டீமுக்கு முதல் பிக் (பிளேயரை எடுக்குற வாய்ப்பு), சூப்பர் பௌல்ங்கற இறுதிப்போட்டியில ஜெயிச்ச டீமுக்கு ரவுண்டோட கடைசி பிக். இந்த பிக்கை எல்லாம் காசு மாதிரி கைமாத்திக்கலாம், இந்த வருஷத்து பிக், அடுத்த வருஷத்து பிக், ஏற்கனவே ஆடிட்டு இருக்குற பிளேயர், எல்லாத்தையும் கலந்தும் குடுக்கலாம்.

முதல்ல உங்களுக்கு ஒரு சார்ட் வேணும். 1990கள் தொடக்கத்துல டல்லஸ் கவ்பாய்ஸ் டீம்ல ஜிம்மி ஜான்சன் கோச்சா இருந்தப்ப ஒவ்வொரு பிக்குக்கும் இத்தனை பாயிண்ட்னு ஒரு அட்டவணை போட்டு வச்சாங்க, அந்த டீம்ல பங்கு வச்சிருந்த மைக் மெக்காய்ங்கற இன்ஜினியர்தான் போட்டுக் குடுத்தாரு. அதுக்கு முன்னாடி நடந்த ட்ரேட்ல எல்லாம் எந்த பிக்குக்கு என்ன குடுத்தாங்கன்னு பாத்துப் போட்டது, அதாவது அது சந்தை விலை. இந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருவேன்.

முழுசா மனப்பாடம் பண்ண வேண்டாம், சில நம்பர் தெரிஞ்சா போதும். முதல் பிக் 3000, ரெண்டாவது 2600, மூணாவது 2200, பத்தாவது 1300, பதினாறாவது 1000, 32வது 590, 50வது 400, 64வது 270, 100வது வெறும் 100. ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு இறங்குனா 400 பாயிண்ட் போகுது, 31ல இருந்து 32க்கு இறங்குனா பத்தே பத்துதான் போகுது. ஆரம்பத்துல மலைச்சரிவு, போகப்போக சமவெளி.

இப்ப நிஜமாவே ஒண்ணு போட்டுப் பாக்கலாம். 2017ல கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 27வது இடத்துல இருந்து பத்தாவது இடத்துக்கு ஏறுனாங்க, பேட்ரிக் மஹோம்ஸை எடுக்கறதுக்காக. பஃபலோ பில்ஸுக்கு குடுத்தது 27வது பிக், 91வது பிக், அப்புறம் 2018ஓட முதல் ரவுண்டு பிக். நோட்டுல இடது பக்கம் 1300ன்னு எழுதுங்க. வலது பக்கம் 27வதுக்கு 680, அதுக்குக் கீழ 91வதுக்கு 136, கூட்டுனா 816. மீதி 484 பாயிண்டை அந்த அடுத்த வருஷத்து முதல் ரவுண்டு பிக் ஈடுகட்டணும். சார்ட்ல 484 எங்க இருக்குன்னு தேடுனா 41க்கும் 42க்கும் நடுவுல, அதாவது ரெண்டாவது ரவுண்டு. முதல் ரவுண்டு பிக்கை குடுத்துட்டு ரெண்டாவது ரவுண்டு மதிப்பு வாங்குறாங்களான்னு கேட்டா, ஆமா, ஏன்னா அது அடுத்த வருஷத்து பிக்.

இங்கதான் முக்காவாசி பேர் கோட்டை விடுறாங்க. இந்தத் தொழில்ல ரொம்ப நாளா இருக்குற வழக்கம் என்னன்னா, ஒரு வருஷம் தள்ளிப் போற பிக்கை ஒரு ரவுண்டு கீழ இறக்கி மதிப்பு போடுவாங்க, அடுத்த வருஷத்து முதல் ரவுண்டு இந்த வருஷத்து ரெண்டாவது ரவுண்டுக்கு சமம், ரெண்டு வருஷம் தள்ளின்னா ரெண்டு ரவுண்டு கீழ. எந்த இடத்துல வரும்னு இன்னும் தெரியாததால அந்த ரவுண்டோட நடு பிக்கா வச்சுக்கணும். நம்ம கணக்குல அது 48வது பிக், 420 பாயிண்ட், சீஃப்ஸ் தேவையை விட கொஞ்சம் கம்மியாதான் குடுத்திருக்காங்கன்னு வருது, கிட்டத்தட்ட சமமான ட்ரேட். பத்து சதவீதம் முன்னபின்ன இருந்தா நான் சமம்னே எடுத்துக்குவேன்.

ஆனா இந்த வழக்கத்து மேலயே எனக்கு கோவம் உண்டு, ஏன்னா ஒரு வருஷம் காத்திருக்கிறதுக்கு ஒரு முழு ரவுண்டுங்கறது கந்துவட்டி. ரிச்சர்ட் தேலர்னு பொருளாதார நோபல் வாங்குனவரு, கேட் மேஸிங்கற இன்னொரு பேராசிரியர் கூட சேந்து இதை ஆராய்ச்சி பண்ணிருக்காரு, டீம்ங்க இப்படி வாங்குற கடனுக்கு வட்டி வருஷத்துக்கு நூறு சதவீதத்துக்கும் மேல போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. எதுக்கு இப்படி கடன் வாங்குறாங்கன்னா, அடுத்த வருஷம் அந்த நாற்காலியில தான் இருப்போமான்னு ஜெனரல் மேனேஜருக்கே தெரியாது, வேலை போற பயத்துல இருக்கறவருக்கு வருங்கால பிக் அடுத்தவன் பணம். அதனால ஒரு ட்ரேடை எடை போடும்போது யாரு பொறுமையா காத்திருக்கப் போறாங்க, யாரு அவசரத்துல இருக்காங்கன்னு பாருங்க, பொறுமையா இருக்கறவங்க பக்கம் லாபம் சாயும்.

அதோட இன்னொண்ணு, மேல ஏறுற டீம் எப்பவும் அடுத்த வருஷம் நாம நல்லா ஆடிடுவோம், நாம குடுக்குற பிக் 25வதுக்கு அப்புறம்தான் வரும்னு நம்பும். 2023ல கரோலினா பேந்தர்ஸ் முதல் பிக்குக்காக சிகாகோ பேர்ஸுக்கு 9வது பிக், 61வது பிக், 2024 முதல் ரவுண்டு, 2025 ரெண்டாவது ரவுண்டு, கூடவே டிஜே மூர்னு பந்தைப் பிடிக்கிற நல்ல ரிசீவர், இவ்வளவும் குடுத்து பிரைஸ் யங்கை எடுத்தாங்க. அந்த சீசன்ல 17 மேட்ச்ல ரெண்டுதான் ஜெயிச்சாங்க, குடுத்த 2024 பிக் நேரா முதல் பிக்கா போய் நின்னுச்சு. 3000 பாயிண்ட் பொருளுக்கு இன்னொரு 3000 பாயிண்ட் பொருளை குடுத்து, மேல இவ்வளவு சாமானையும் அள்ளிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. அதனால வருங்கால பிக்குக்கு ரெண்டு கணக்கு போடுங்க, ஒண்ணு நடு பிக்கா வந்தா எவ்வளவு, இன்னொண்ணு முதல் அஞ்சுக்குள்ள வந்தா எவ்வளவு, ரெண்டாவது கணக்கை பாத்ததும் வயித்தைக் கலக்குச்சுன்னா அந்த ட்ரேட்ல ஆபத்து இருக்கு.

இப்ப சந்தை விலைன்னு சொன்னேன்ல, அதுக்கு வருவோம். சார்ட் சொல்றது மத்தவங்க என்ன குடுப்பாங்கன்னு, அந்த பிக்ல எடுக்குற பிளேயர் எவ்வளவு தேறுவான்னு அது சொல்லாது. தேலரும் மேஸியும் பாத்ததுல, ஒரே பொசிஷன்ல முதல்ல எடுத்தவன் அவனுக்கு அடுத்து எடுத்தவனை விட நல்லா வர்ற வாய்ப்பு 52 சதவீதம்தான். காசு சுண்டிப் போடுற மாதிரிதான் கிட்டத்தட்ட. ஆனா டீம்ங்க என்னமோ தங்களுக்கு நிச்சயமா தெரியும்ங்கற மாதிரி மேல ஏறுறதுக்கு அள்ளி இறைக்குது.

சம்பளத்தையும் சேத்துப் பாக்கணும். அவங்க ஆராய்ச்சி காலத்துல மேல இருக்குற பிக்குக்கு சம்பளம் பயங்கரம், 2010ல முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு 50 மில்லியன் டாலர் கேரண்டி. 2011ல லீகுக்கும் பிளேயர் சங்கத்துக்கும் புது ஒப்பந்தம் வந்து ரூக்கி (புதுசா வர்ற பிளேயர்) சம்பளத்துக்கு கட்டுப்பாடு போட்டதும் அந்த வருஷம் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கு மொத்தமே 22 மில்லியன். அதனால மேல இருக்குற பிக் முன்ன இருந்த அளவு பாரம் இல்ல இப்ப. ஆனா கேக்க வேண்டிய கேள்வி அதேதான், இந்த பொசிஷன்ல இதே தரத்துல ஒரு பழைய பிளேயரை வெளிய வாங்குனா என்ன செலவாகும், அதுல ரூக்கி சம்பளத்தை கழிச்சா மிச்சம் எவ்வளவு. அந்த மிச்சம்தான் பிக்கோட உண்மையான மதிப்பு. சந்தை விலையை விட்டுட்டு பிளேயர் கடைசியில எவ்வளவு தேறுனான்னு பாத்து சேஸ் ஸ்டூவர்ட்ங்கற ஃபுட்பால் ஆய்வாளர் ஒரு சார்ட் போட்டிருக்காரு, ஃபிட்ஸ்ஜெரால்ட், ஸ்பீல்பெர்கர்னு இன்னும் ரெண்டு ஆய்வாளருங்க சேந்து ஒண்ணு போட்டிருக்காங்க, ரெண்டுலயும் சரிவு அவ்வளவு செங்குத்தா இருக்காது, நடு ரவுண்டு பிக்குக்கு மதிப்பு கூடுதல். நான் ஒவ்வொரு ட்ரேடையும் பழைய சார்ட்ல ஒரு தடவை, இதுல ஒண்ணுல ஒரு தடவை போட்டுப் பாப்பேன். பழைய சார்ட்ல சமமா இருக்குற ட்ரேட் புது சார்ட்ல பாத்தா பெரும்பாலும் கீழ இறங்குன டீமுக்கு லாபமா இருக்கும்.

பந்தை வீசி டீமோட தாக்குதலை நடத்துற குவாட்டர்பேக் மட்டும் தனி. நல்ல குவாட்டர்பேக் ரூக்கி சம்பளத்துல கிடைச்சா மிச்சமாகுற காசுல பாதி டீமையே கட்டிடலாம், குவாட்டர்பேக் மஹோம்ஸுக்காக குடுத்த அந்த 2018 முதல் ரவுண்டு பிக் கடைசியில 22வதா வந்துச்சு, அதை வச்சுக் கூட்டுனா 1300க்கு 1596 குடுத்திருக்காங்க, அதையே ரெண்டு மடங்கா குடுத்திருந்தாலும் லாபம்தான். ஆனா அதே 2017ல சிகாகோ மூணுல இருந்து ரெண்டுக்கு ஒரே ஒரு படி ஏற 67, 111, அடுத்த வருஷத்து மூணாவது ரவுண்டு எல்லாம் குடுத்து மிட்ச் ட்ருபிஸ்கியை எடுத்தாங்க, சார்ட் படி பாத்தா தப்பே இல்ல, ஆள்தான் தப்பு. குவாட்டர்பேக்குக்காக ஏறுனா விலையை விட ஆள் தேர்வுதான் முக்கியம், மத்த எந்த பொசிஷனுக்கும் ரெண்டு முதல் ரவுண்டு குடுக்கறதை என்னால ஏத்துக்கவே முடியல.

முதல் ரவுண்டோட கடைசி பிக்குகளுக்கு ஒரு சின்ன விசேஷம் இருக்கு. முதல் ரவுண்டு பிளேயருக்கு மட்டும் அஞ்சாவது வருஷ ஆப்ஷன், அதாவது நாலு வருஷ ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டிக்கிற உரிமை, டீம் கையில இருக்கும், 33வதா எடுத்தா கிடையாது. 2018ல பால்டிமோர் ரேவன்ஸ் 32வது பிக்கும் 132வது பிக்கும் வாங்கிட்டு 52, 125, அடுத்த வருஷத்து ரெண்டாவது ரவுண்டு குடுத்தாங்க. 590ம் 40ம் 630, இந்தப் பக்கம் 380ம் 47ம் 427, மீதி 203, வருங்கால ரெண்டாவது ரவுண்டை ஒரு ரவுண்டு இறக்குனா கிட்டத்தட்ட அதுதான் வருது. அச்சு அசலா சார்ட் விலை. கிடைச்சது குவாட்டர்பேக் லாமார் ஜாக்சன், கூட ஒரு வருஷ ஆப்ஷனும்.

கடைசியா ஒண்ணு, ட்ரேட் நடந்த அன்னைக்கு போட்ட மார்க்கையும் அஞ்சு வருஷம் கழிச்சு போடுற மார்க்கையும் தனித்தனியா எழுதி வைங்க, ஒண்ணை வச்சு இன்னொண்ணை அழிக்காதீங்க. 2012ல வாஷிங்டன் டீம் குவாட்டர்பேக் ராபர்ட் கிரிஃபின்க்காக ரெண்டாவது பிக்கை வாங்குனாங்க, செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு 6வது, 39வது, 2013 முதல் ரவுண்டு, 2014 முதல் ரவுண்டு குடுத்தாங்க. கடைசி ரெண்டும் 22வதாவும் 2வதாவும் வந்துச்சு. எல்லாத்தையும் கூட்டுனா 2600க்கு 5490. ராம்ஸ்க்கு இதை விட நல்ல ட்ரேட் கிடைக்காதுன்னு அன்னைக்கும் எழுதலாம், இன்னைக்கும் எழுதலாம். 2014 டிசம்பர்ல ரெண்டு டீமும் மோதுனப்ப டாஸ் போட ராம்ஸ் அனுப்புன ஆறு கேப்டனும் அந்த ட்ரேட் மூலமா வந்த பிளேயருங்கதான், மேட்ச் 24-0ன்னு ராம்ஸ் ஜெயிச்சாங்க. ஆனா அந்த சீசன்ல ராம்ஸ் மொத்தம் 6 ஜெயிச்சு 10 தோத்தாங்க. வாஷிங்டன்கிட்ட இருந்து வந்த 2014ஓட 2வது பிக்ல, 2600 பாயிண்ட்ல எடுத்த கிரெக் ராபின்சன் சோபிக்கவே இல்ல, அதே நாள் அதே ராம்ஸ் தங்களோட சொந்த 13வது பிக்ல, 1150 பாயிண்ட்ல எடுத்தது பின்னாடி பெரிய ஸ்டாரான ஆரன் டொனால்டை.