கடலோர வீட்டுக்கு ஒட்டில்லாத கேபிள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சில்வர் பீச்சின் அலைச் சத்தம் கேட்கும். அந்த உப்புக்காற்றுதான் கேபிளுக்கு எமன். மழை பிடித்தால் அம்மாவின் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடையும், மோடத்தின் விளக்கு அணைந்து அணைந்து எரியும். ஆள் வந்து மோடத்தை மாற்றினார், சரியாகவில்லை. கடைசியில் நானே சுவரோரமாகக் கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். மாடியிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் ஐந்து ஜாயின்ட். ஒன்றைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு.

இந்த ஒயரின் நடுக்கம்பி பெரும்பாலும் முழுச் செம்பு இல்லை. உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. வெட்டிய முனையில் இரும்பு வெளியே தெரியும், துரு அங்கேதான் பிடிக்கும். ஆகவே எத்தனை ஜாயின்ட்டோ அத்தனை இடத்தில் துரு. நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி ஒயர், நடுவில் ஒட்டே கூடாது.

எங்கள் வீட்டில் அந்த இடம் மாடிப்படிக்கு மேலுள்ள சிறு அறை. அங்கிருந்து கூடத்துக்கு 14 மீட்டர், அம்மா அறைக்கு 9, மோடத்துக்கு 6. நூல் பிடித்து அளந்தேன். ஒவ்வொரு முனையிலும் அரை மீட்டர் கூடுதலாக விட்டு வாங்குங்கள். கடையில் ஆர்ஜி-6, 75 ஓம் என்று கேளுங்கள். பழைய வீடுகளில் இருக்கும் மெல்லிய ஆர்ஜி-59 அதிக அலைவரிசையில் சிக்னலை அதிகம் தின்னும்.

வேலைக்கு முன் டிவி, செட்டாப் பாக்ஸ், மோடம் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். அப்புறம் உள்ளே வரும் கேபிளின் வெளிப்பின்னலில் (நடுக்கம்பியைச் சுற்றியுள்ள உலோக வலை) டெஸ்டர் வைத்துப் பாருங்கள். எரிந்தால் தொடாதீர்கள், கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். கம்பத்திலிருந்து வீடு வரை உள்ள ஒயர் அவருடையது, அதில் நாம் கைவைக்க வேண்டாம்.

சுவருக்குள் பைப் இருந்தால் பழைய ஒயரே இழுகயிறு. அதன் முனையில் புது ஒயரைக் கட்டி, டேப்பைக் கூம்பாகச் சுற்றினேன். தம்பி மேலிருந்து தள்ள, நான் கீழிருந்து இழுத்தேன். சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், உள்ளே அலுமினியத் தாள் கிழியும். வளைவு 7 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது. கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதை நுழைக்கவே வேண்டாம்.

இனி கனெக்டர். இங்கே அவசரப்பட்டால் அத்தனையும் வீண். கம்ப்ரஷன் வகை எஃப் கனெக்டரும் அதற்கான அழுத்துக் கருவியும் வாங்குங்கள், கையால் திருகி மாட்டும் வகை எங்கள் காற்றில் நிற்காது. முனையில் நடுக்கம்பி 6 மில்லிமீட்டர் வெறுமையாகத் தெரிய வேண்டும், அதன் கீழே வெள்ளை நுரை இன்னொரு 6 மில்லிமீட்டர். வெளிப்பின்னலைப் பின்பக்கம் மடக்குங்கள். நுரையோடு ஒட்டிய தாளை அப்படியே விடுங்கள். பின்னலின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் சிக்னல் செத்துவிடும், வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கனெக்டரை நேராக அழுத்தி, வெள்ளை நுரை உள்விளிம்புக்குச் சமமாக வந்த பிறகே கருவியை அழுத்துங்கள். நடுக்கம்பியைக் கத்தியால் சுரண்டாதீர்கள், செம்புப் பூச்சு போய்விடும்.

மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டர். மறுமுனை திறந்திருக்கும்போது நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் தொடர்பு காட்டக் கூடாது. மறுமுனையில் இரண்டையும் ஒரு கிளிப்பால் இணைத்தால் சில ஓம் காட்ட வேண்டும். தம்பி கீழே கிளிப்பை மாட்டிவிட்டு, “அக்கா, வந்துடுச்சா?” என்று மூன்று முறை கத்தினான். மூன்று ஒயரும் தேறின.

மாடிப்படி அறையில் கேபிளைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொன்றும் சிக்னலைக் குறைக்கும். இரண்டாகப் பிரிப்பது சுமார் 3.5 டெசிபல், அதாவது சிக்னலில் பாதிக்கு மேல், எடுக்கும். அதனால் முதல் ஸ்பிளிட்டரின் ஒரு வாய் நேரே மோடத்துக்கு, மறுவாயில் இன்னொரு ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு டிவிக்கு. 5 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டதாக வாங்குங்கள், மோடம் திருப்பி அனுப்புவது தாழ்ந்த அலைவரிசையில்தான். சும்மா இருக்கும் வாயை 75 ஓம் மூடியால் அடையுங்கள். டிஷ் வைத்திருப்பவர்கள் இந்த ஸ்பிளிட்டரைப் போடவே கூடாது: அந்த ஒயரில் மேலே டிஷ்ஷுக்கு 13 அல்லது 18 வோல்ட் போகும், அலைவரிசையும் வேறு. இன்டர்நெட் ஃபைபரில் வந்தால் மோடம் இந்தக் கணக்கிலேயே வராது.

வெளியே வரும் ஒயரைச் சுவரில் ஒரு கொக்கியில் கட்டிவிட்டேன், இழுவை கனெக்டரில் விழக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவில் தொங்கிய ஒயர்கள் பட்டபாட்டை இன்னும் மறக்கவில்லை. சுவருக்குள் நுழையும் முன் ஒயர் ஒரு தொங்கு வளைவாக இறங்கி ஏற வேண்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். வெளிக் கனெக்டர் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை உருகிப் பிரிந்துவிடும்.

ஐப்பசி மழைக்கு முன் அந்த வெளிக் கனெக்டரை மட்டும் வருஷத்துக்கு ஒரு தரம் பிரித்துப் பார்க்கிறேன். களிம்பு கட்டியிருந்தால் எங்கள் பக்கத்து ஒயரில் இரண்டு அங்குலம் வெட்டிப் புதிதாக மாட்டுவேன். அரை மீட்டர் கூடுதலாக விடச் சொன்னது அதற்குத்தான்.