ஃபோட்டோ வாக் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமரா வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் பலர் ஏதாவது ஒரு ஃபோட்டோ வாக்கில், அதாவது குழுவாக நடந்தபடி படம் எடுக்கும் நிகழ்வில், சேர்ந்துகொள்கிறார்கள். நல்ல முடிவுதான். வீடியோவில் எத்தனை முறை பார்த்தும் பிடிபடாத ஒரு விஷயம், பக்கத்தில் நிற்பவர் செய்வதைப் பார்த்ததும் சட்டென்று புரிந்துவிடும். ஆனால் போய்விட்டு வருபவர்களிடம் "என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. கார்டு நிறையப் படம் மட்டும் இருக்கும்.

தனியாகப் படம் எடுக்கப் போவது போலவே குழுவோடும் போவதுதான் இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. தனியாக எந்த நாளும் போகலாம். ஒரே இடத்தை, ஒரே வெளிச்சத்தில், அதே நேரத்தில் பத்துப் பேர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது குழுவில் மட்டும்தான் தெரியும். அதைக் கவனிக்காமல் விடுவதுதான் அடிப்படைத் தவறு. கீழே சொல்லும் பலவும் அதிலிருந்து கிளைப்பவை.

இருக்கும் லென்ஸ் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவது

மூன்று லென்ஸ், ட்ரைபாட், ஃப்ளாஷ் என்று பையை நிரப்பினால் முதல் ஒரு மணி நேரத்திலேயே தோள் வலிக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் கண் எங்கே வேலை செய்யும்? ஒவ்வொரு காட்சிக்கும் "எந்த லென்ஸ் போடலாம்" என்று யோசிப்பதிலேயே அந்தக் காட்சி போய்விடும். தெருவில் அடிக்கடி லென்ஸ் மாற்றினால் சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் பகுதியில்) தூசியும் படியும்.

ஒரே ஒரு லென்ஸ் போதும். ஜூம் இல்லாத லென்ஸ் என்றால் இன்னும் நல்லது, கால்கள் நகர்ந்தே ஆக வேண்டும். தெருப் படங்களுக்குப் பேர்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் தன் வாழ்நாளில் பெரும்பாலான படங்களை 50 மி.மீ. லென்ஸில்தான் எடுத்தார். அவர் கேமராவின் ஃபிலிம், இன்று ஃபுல் ஃப்ரேம் என்று சொல்லும் பெரிய சென்சாரின் அளவு. உங்கள் கேமராவின் சென்சார் அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவு என்றால் 50 மி.மீ. லென்ஸ் கிட்டத்தட்ட 75 மி.மீ. போலக் காட்டும், தெருவுக்கு அது கொஞ்சம் நெருக்கம். 35 மி.மீ. வசதியாக இருக்கும். மொபைல் மட்டும்தான் இருக்கிறதா? அதோடு போங்கள். ஒரு குறையும் இல்லை.

"என்ன செட்டிங் வச்சிருக்கீங்க?"

எந்த ஃபோட்டோ வாக்கிலும் அதிகம் காதில் விழும் கேள்வி இதுதான். கேட்பது தப்பில்லை. எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவதுதான் தப்பு.

ஒருவர் 1/1000 விநாடி ஷட்டர் வேகம், எஃப்/2.8 அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்), ஐஎஸ்ஓ 200 (வெளிச்சத்துக்கான உணர்திறன்) என்று வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓடுகிற நாயை அவர் உறைய வைக்க வேண்டும், பின்னணியையும் மங்கலாக்க வேண்டும். நீங்கள் அதே வெளிச்சத்தில் ஒரு பழைய கதவையும் அதன் முன்னால் இருக்கும் படிக்கட்டையும் எடுக்கிறீர்கள். அதே எண்களைப் போட்டால் உங்கள் படமும் சரியான வெளிச்சத்தில்தான் வரும். ஆனால் கதவு தெளிவாக இருக்கும்போது படிகள் மங்கிக் கிடக்கும். உங்களுக்குத் தேவை 1/125, எஃப்/8. துளை சிறுத்தால் முன்னும் பின்னும் தெளிவாக வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எஃப்/2.8, 4, 5.6, 8 என்று அப்பர்ச்சரை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) குறைக்கிறோம். 1/1000, 1/500, 1/250, 1/125 என்று ஷட்டரில் அதே மூன்று ஸ்டாப்பைத் திரும்பக் கொடுக்கிறோம். சென்சாருக்குள் போகும் வெளிச்சம் இரண்டிலும் ஒன்றே. படம்தான் வேறு.

அதனால் எண்ணைக் கேட்டதும் அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "ஏன் அது?" பாடம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. முடிந்தால் அங்கேயே நின்று ஒரே காட்சியை இரண்டு விதமாகவும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம் படம் ஆடிப்போவது. கை நடுக்கத்துக்கு ஒரு பழைய வழிமுறை உண்டு: ஷட்டர் வேகத்தின் கீழ் எண் லென்ஸின் குவிய நீளத்துக்கு (மி.மீ. என்று அதில் எழுதியிருக்கும் எண்ணுக்கு) குறையாமல் இருக்கட்டும், அதாவது 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50. சின்ன சென்சார் என்றால் ஒன்றரை மடங்கு சேர்த்து 1/80. இப்போதைய கேமராக்கள் பலவற்றில் ஸ்டெபிலைசேஷன் இருப்பதால் 1/15 வைத்தால்கூடச் சுவர் கூர்மையாக வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு "எதற்கு வேகம்?" என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை அசைவை மட்டும்தான் ஈடுகட்டும், எதிரே நடக்கும் ஆளின் அசைவை அல்ல. நடப்பவருக்கு 1/250, ஓடுபவருக்கு 1/500 அல்லது அதற்கு மேல் என்று ஆரம்பியுங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். கொஞ்சம் நாய்ஸ் (புள்ளி புள்ளியாகத் தெரிவது) இருக்கும் படத்தைப் பார்க்க முடியும், ஆடிப்போன முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம், எல்லா எண்களையும் நாமே வைக்கும் இந்த மேனுவல் மோடு பெருமை. குழுவில் யாராவது ஒருவர் "மேனுவல்ல எடுத்தாத்தான் ஃபோட்டோகிராஃபர்" என்பார். சிரித்துவிட்டு நகருங்கள். வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நடக்கும்போது அப்பர்ச்சரை நாம் வைத்தால் மீதியைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் அப்பர்ச்சர் முன்னுரிமை மோடும் ஆட்டோ ஐஎஸ்ஓவும் நிம்மதி. குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை மெனுவில் 1/250 என்று கட்டிவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தொழிலாகச் செய்பவர்களே பலர் இப்படித்தான் எடுக்கிறார்கள்.

ஆட்டோவை நம்பும்போது ஒன்றை மட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்து அளக்கும். வெள்ளைச் சுவர் ஃப்ரேமை நிறைத்தால் படம் இருண்டு அழுக்கு வெள்ளையாகும், கருப்புக் கதவு நிறைத்தால் வெளிறிப்போகும். வெள்ளைக்கு எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) கூட்டுங்கள், கருப்புக்குக் குறையுங்கள். ஒரு ஸ்டாப்பில் ஆரம்பித்துப் பார்க்கலாம். கேட்டால் தலைகீழாகத்தான் தோன்றும், எடுத்துப் பார்த்தால் புரியும்.

கிளம்பும் முன் கேமராவைப் பார்க்காமல் இருப்பது

இது சின்ன விஷயம். போன முறை இரவில் வைத்த ஐஎஸ்ஓ 6400 இன்னும் அப்படியே இருக்கலாம். காம்பென்சேஷன் டயல் பைக்குள் உரசித் திரும்பியிருக்கலாம். வைட் பேலன்ஸ் (நிறச் சமன்), கோப்பு வகை ராவா ஜேபெக்கா, கார்டில் இடம், பேட்டரி எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரி செய்யுங்கள். பிறகு மற்றவர்கள் படத்தோடு ஒப்பிடும்போது அது உதவும்.

அனுபவசாலியின் முதுகுக்குப் பின்னால் நிற்பது

குழுவில் நன்றாக எடுப்பவர் யார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் குனிந்தால் ஐந்து பேர் குனிவார்கள், அவர் கேமராவைத் திருப்பிய பக்கம் ஐந்து கேமரா திரும்பும். கடைசியில் ஒரே படம் ஆறு பிரதி. அதிலும் ஐந்து கொஞ்சம் கோணல்.

அவரிடம் கற்க நிறைய இருக்கிறது, அவர் எடுக்கும்போது உங்கள் கேமராவைக் கீழே இறக்கினால்! எதைப் பார்த்து நின்றார்? எவ்வளவு நேரம் காத்திருந்தார்? எடுத்ததும் நகர்ந்தாரா, இரண்டு அடி இடப்பக்கம் போய் மறுபடி எடுத்தாரா? எதை எடுக்காமல் விட்டார்? பழகியவர்கள் பெரும்பாலும் முதலில் வெளிச்சமும் பின்னணியும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் யாராவது வரட்டும் என்று நிற்பார்கள். புதியவர்கள் ஆளைத் துரத்துவார்கள், பின்னணியில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்கு வந்துதான் பார்ப்பார்கள்.

குழு நகர்ந்த பிறகும் ஐந்து நிமிடம் அங்கேயே நிற்பதும் பலன் தரும். கேமராக் கூட்டத்தைப் பார்த்து விறைப்பாக இருந்தவர்கள் அப்போதுதான் இயல்புக்குத் திரும்புவார்கள். பின்தங்குவதை மட்டும் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், நடத்துபவர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரு மனிதரைப் பத்து கேமராவால் சூழ்வது

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தெருவில் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவரை ஒருவர் எடுத்தால் அது ஒரு படம். பத்துப் பேர் அரை வட்டமாக நின்று எடுத்தால் அது தொல்லை. அவர் "வேண்டாம்" என்று சொல்லக்கூடத் தயங்குவார். அந்த முகத்தில் வரும் சங்கடம் எல்லார் படத்திலும் பதிவாகும், அதற்கு "உணர்ச்சிகரமான போர்ட்ரெய்ட்" என்று பெயர் வைப்பது இன்னும் மோசம்.

ஒருவர் போய்ப் பேசட்டும், கேட்கட்டும், எடுக்கட்டும். மற்றவர்கள் வேறு பக்கம் திரும்பலாம், தெருவில் விஷயம் குறைவா என்ன? குழந்தைகள் என்றால் கூட இருக்கும் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான். மறுத்தால் நன்றி சொல்லி நகர வேண்டும், தூரப் போய் ஜூம் போட்டு எடுப்பது மறுப்பை மதித்ததாகாது. படத்தை அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள். பொது இடத்தில் படம் எடுப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ரயில் நிலையம், அருங்காட்சியகம், ராணுவப் பகுதி போன்ற இடங்களுக்குத் தனி விதி இருக்கலாம். அனுமதி வாங்கியாயிற்றா என்று நடத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி பின்னோக்கி நடக்காதீர்கள். பின்னால் சாலை இருக்கலாம்.

ஒவ்வொரு படத்துக்கும் திரையைப் பார்ப்பது

எடுத்தவுடன் குனிந்து பார்க்கும் அந்த இரண்டு விநாடியில்தான் நல்ல காட்சி கடந்துபோகும். புது வெளிச்சத்துக்கு வந்ததும் ஒரு படம் எடுத்துச் சரிபார்த்தால் போதும். அதையும் திரையின் வெளிச்சத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்: வெயிலில் திரை இருட்டாகத் தெரியும், இரவில் பிரகாசமாகத் தெரியும். படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் பொய் சொல்லாது. வரைபடம் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் வெளிச்சப் பகுதிகளில் விவரம் போய்விட்டது என்று பொருள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்க நினைப்பது

பானிங் (ஓடுவது தெளிவாக, பின்னணி கோடாக வருவது), நிழலுருவம், பிரதிபலிப்பு, ஸோன் ஃபோகஸ் (ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டு எடுப்பது) என்று பட்டியலோடு வருபவர்கள் எதையும் முழுதாகச் செய்வதில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பானிங் என்றால் 1/30 வைத்து, கடந்து போகும் சைக்கிளோடு கேமராவை ஒரே சீராகத் திருப்பி, ஷட்டரை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாமல் எடுங்கள். முதலில் வரிசையாகக் கெட்டுப்போகும், அது சகஜம். இரண்டு மணி நேரம் அதையே செய்தால் கை பழகிவிடும். தனியாகச் செய்தால் சலித்துப்போகும் இந்தப் பயிற்சிக்குக் குழு நல்ல துணை, ஒருவர் தவறை இன்னொருவர் அங்கேயே பார்த்துச் சொல்வார்.

காட்ட வேண்டிய படத்தைக் காட்டாமல் இருப்பது

நடை முடிந்து எல்லாரும் உட்கார்ந்து படம் பார்க்கும் நேரத்தில் சிலர் கிளம்பிவிடுகிறார்கள். என் கருத்தில் மொத்த நடையிலும் தவறவிடக் கூடாத பகுதி அதுதான். இருப்பவர்களும் நாற்பது படத்தை ஓட்டிக் காட்டி, "சூப்பர்" வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதில் யாருக்கும் பயனில்லை.

மூன்று படம் போதும். அதில் ஒன்று சரியாக வராத படமாக இருக்கட்டும், கேள்வியும் குறிப்பாக இருக்கட்டும்: "இதுல கண்ணு எங்க போகுது?", "வலது பக்கத்தை வெட்டினா நல்லா இருக்குமா?" படத்துக்குப் பின்னால் இருக்கும் கதையை முதலில் சொல்லிவிடாதீர்கள், கதை கேட்டவர் படத்தைப் பார்க்க மாட்டார். குறை சொன்னால் உடனே விளக்கம் கொடுக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் நின்ற அதே இடத்தில் மற்றவர்கள் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கி, கோப்பில் பதிந்திருக்கும் நேரத்தையும் செட்டிங்கையும் உங்களுடையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் 5.40-க்குக் கிளம்பிய மூலையில் 5.48-க்கு யாரோ ஒருவருக்கு வெளிச்சம் இறங்கி வந்திருக்கும்.