கியர் சைக்கிள்ல பிரேக்கும் கியரும் வீட்லயே சரி பண்றது

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் எறக்கத்துல ரெண்டு பிரேக்கையும் அமுக்கியும் வண்டி நிக்காம போச்சு, செருப்ப தேச்சு தேச்சுதான் நிறுத்துனேன். தொப்பூர் கணவாய்ல லாரிக்கு பிரேக் புடிக்கலன்னு நியூஸ் வந்தா உச்சு கொட்டுற நாம நம்ம சைக்கிள் பிரேக்க திரும்பிக்கூட பாக்குறதில்ல. அதனால மொதல்ல பிரேக், அப்புறம்தான் கியர்.

லீவர அமுக்குனா ஹேண்டில்பார போய் முட்டுதா, வயர் லூஸு. லீவர்லருந்து வயர் வெளிய வர்ற எடத்துல கையால திருகுற அட்ஜஸ்டர் ஒண்ணு இருக்கும், அது வெளிய வர்ற மாதிரி ரெண்டு சுத்து திருகுங்க, வயர் டைட்டாயிடும், பக்கத்துல இருக்குற ஒல்லி வளையத்த லீவரோட சேத்து இறுக்கிடுங்க, இல்லன்னா நம்ம ரோட்டு குலுக்கல்ல தானா கழண்டுக்கும். அட்ஜஸ்டர் ஏற்கனவே பாதிக்கு மேல வெளிய வந்திருந்தா அத முழுசா உள்ள திருகிட்டு, கீழ வயர புடிச்சிருக்குற போல்ட்ட அலன் கீ (ஆறு மூலை சாவி) போட்டு லூஸ் பண்ணி, வயர கொஞ்சம் இழுத்து திரும்ப இறுக்கணும். பிரேக்கோட ரப்பர் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல ஒரு ரூபா காசு நுழையுற எடம் இருந்தா போதும்.

கட்டை ரிம்ல மட்டும்தான் படணும், டயர்ல பட்டா நாலே நாள்ல டயர் கிழிஞ்சிரும். ஒரு பக்க கட்டை மட்டும் உரசுதுன்னா அந்த பக்கத்து பிரேக் கையில ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அத கால் சுத்து உள்ள திருகுனா கட்டை வெளிய தள்ளிக்கும். ஆனா அதுக்கு முன்னாடி சக்கரத்த சுத்தி விட்டு பாருங்க, ஆடிக்கிட்டே சுத்துனா பிரேக் மேல குத்தமில்ல, கடையில குடுத்து கோட்டம் எடுக்கணும். எங்க பக்கம் குவாரி லாரி ஓடுற ரோடு, கல்லு பொடி கட்டையில போய் பதிஞ்சு கரகரன்னு ரிம்ம சொரண்டும், குண்டூசியால அத தோண்டி எடுத்துட்டு உப்புத்தாள்ல ரெண்டு தேய் தேச்சா கட்டை புதுசு மாதிரி புடிக்கும்.

டிஸ்க் பிரேக்ல வயர் வச்சது இருந்தா, டிஸ்க்க கவ்வுற கேலிப்பரோட போல்ட் ரெண்டையும் லேசா லூஸ் பண்ணி, லீவர அமுக்கி புடிச்சிக்கிட்டே திரும்ப இறுக்குங்க, பெரும்பாலும் உரசல் நின்னுரும். டிஸ்க்ல மட்டும் எண்ணெய் படவே கூடாது. கீச்சு கீச்சுன்னு கத்துதேன்னு என் மச்சான் தேங்கா எண்ணெய் விட்டான், சத்தமும் போச்சு பிரேக்கும் போச்சு.

இப்ப கியர். நான் மாமரத்து கிளையில கயிறு கட்டி சீட்ட அதுல மாட்டிடுவேன், பின் சக்கரம் அந்தரத்துல சுத்தும், ஒரு கையில பெடல் ஒரு கையில கியர். செயின பின்னாடி இருக்குறதுலயே சின்ன பல்சக்கரத்துக்கு கொண்டு வந்துட்டு ஒரே ஒரு க்ளிக் போடுங்க. அடுத்த பல்லுக்கு ஏறாம டக்டக்னு நின்னா வயர் லூஸு. பின்னாடி செயின பல்லு மாத்தி விடுற டீரெய்லருக்குள்ள வயர் நுழையுற எடத்துல இருக்குற அட்ஜஸ்டர, பின்னால நின்னு பாத்து, கடிகார முள்ளுக்கு எதிரா கால் சுத்து திருகி மறுபடி போட்டு பாருங்க. ஒரேடியா ரெண்டு பல்லு தாவுனாலோ, எறங்குறப்ப மக்கர் பண்ணாலோ வயர் ஓவர் டைட், அப்படியே எதிர்ப்பக்கம் திருகணும். திருகியும் எறங்கலன்னா வயர் உறைக்குள்ள துரு புடிச்சிருக்கும், மாத்திடுங்க.

அதே டீரெய்லர்ல எச், எல்னு போட்ட ரெண்டு ஸ்க்ரூ இருக்கும், அதுல சும்மா கை வைக்காதீங்க. செயின் பெரிய பல்ல தாண்டி போக்ஸ் கம்பிக்குள்ள விழுந்தா மட்டும் எல் ஸ்க்ரூவ உள்ள திருகணும், சின்ன பல்ல தாண்டி ஃப்ரேம் பக்கம் விழுந்தா எச். ஒரு கடையில கியர் ஏறலன்னு குடுத்தேன், அவரு வயர தொடாம இந்த ரெண்டையும் இஷ்டத்துக்கு திருகி குடுத்துட்டாரு, வத்தல்மலை ஏத்தத்துல செயின் உள்ள பூந்து மூணு கம்பி போச்சு, அடிவாரம் வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தேன்.

மரத்துல தொங்குறப்ப சரியா மாறும், ஆள் ஏறி மிதிச்சா வேற மாதிரி பேசும். அதனால ஒரு சின்ன மேட்டுல ஓட்டி பாருங்க, டக்டக் கேட்டா இன்னொரு கால் சுத்து.