கட்டிய எடுத்தாச்சு, அக்குள் நெறிய டெஸ்ட் பண்ணணுமா?

எங்க சித்திக்கு மார்ல இருந்தது வெறும் கொழுப்புக் கட்டின்னு ஒரு சின்ன நர்ஸிங் ஹோம்ல எடுத்துட்டாங்க, பத்து நாள் கழிச்சு சதை டெஸ்ட் ரிப்போர்ட் வந்தா கேன்சர். கேன்சர் மொதல்ல பரவக்கூடிய அக்குள் நெறி (லிம்ப் நோட்) பக்கம் யாரும் போகவே இல்ல. திரும்ப கத்தியான்னு சித்தி ஒரே அழுகை. இதே நிலைமைல இருக்கிறவங்க மொதல்ல அந்த நர்ஸிங் ஹோம்லருந்து மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிடுங்க, பெரிய ஆஸ்பத்திரில திரும்ப பாக்க அதுதான் வேணும், பேப்பர் ரிப்போர்ட் மட்டும் பத்தாது.

அப்புறம் ரிப்போர்ட்ல கட்டி எத்தனை சென்டிமீட்டர், கிரேடு (செல் எவ்வளவு மாறியிருக்கு) என்ன, இஆர் பிஆர் (ஹார்மோன் டெஸ்ட்), ஹெர்2 (கேன்சர் செல்லுல பாக்குற ஒரு புரதம்) என்னன்னு பாருங்க. டிசிஐஎஸ் மட்டும்தான்னா கேன்சர் பால் குழாய்க்குள்ளயே நிக்குதுன்னு அர்த்தம், கட்டிய மட்டும் எடுத்தவங்களுக்கு பெரும்பாலும் நெறி டெஸ்ட் வேணாம். ஆனா மார்ப முழுசா எடுக்கப்போறாங்கன்னா அப்பவே சேத்து பண்ணிடுவாங்க, மார்பே இல்லாதப்போ மருந்து ஊசி போட்டு நெறிய தேடிப் பிடிக்கிறது கஷ்டம்.

பால் குழாய தாண்டிப் பரவுற வகைன்னா அக்குள் ஸ்கேன் எடுக்கணும். ஆபரேஷன் புண்ணாலயே நெறி வீங்கியிருக்கலாம், அதனால பெருசா தெரியுதுன்னு சொன்னா உடனே பயப்படாம ஊசி டெஸ்ட் (நெறில ஊசி குத்தி செல் எடுத்துப் பாக்குறது) கேளுங்க. ஸ்கேன் சுத்தமா இருந்தா சென்டினல் டெஸ்ட், அதாவது நீலச் சாயமோ ரேடியோ மருந்தோ போட்டு அது மொதல்ல போய்ச் சேர்ற ஒண்ணு ரெண்டு நெறிய மட்டும் எடுத்துப் பாக்குறது. (சாயம் போட்டா ஒரு நாள் ரெண்டு நாள் யூரின் பச்சையா நீலமா போகும், சொல்லாம விட்டா வீடே அலறும்.)

இதுகூட எல்லாருக்கும் வேணுமான்னு கேளுங்க. "ரிசல்ட்ட வச்சு மருந்து மாறுமா டாக்டர்?" இந்த ஒரு கேள்விதான் முக்கியம். 2023ல வந்த சவுண்ட் ஆய்வுல 2 சென்டிமீட்டர் வரை கட்டி, ஸ்கேன்ல அக்குள் சுத்தம், மார்ப காப்பாத்துற ஆபரேஷன், இப்படிப்பட்டவங்களுக்கு நெறி டெஸ்ட் பண்ணாம விட்டும் 5 வருஷத்துல வித்தியாசம் தெரியல. சித்திக்கு 61 வயசு, 1.6 சென்டிமீட்டர், கிரேடு 2, ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், எப்படியும் மாத்திரையும் கரண்ட் (ரேடியேஷன்) வைக்கிறதும்தான்னு டெஸ்ட்ட விட்டாச்சு. அதுவே மாதவிடாய் நிக்காத சின்ன வயசு பொண்ணுன்னா கதை வேற, ஒரு நெறில இருந்தாலும் கீமோ பேச்சு வரும், அவங்க விடக்கூடாது.

டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்ல 1/3ன்னு வந்தா மூணு எடுத்ததுல ஒண்ணுல இருக்கு. உடனே அக்குள் நெறி எல்லாத்தையும் மொத்தமா வழிச்சு எடுத்திடலாம்னு யாராவது சொன்னா நிதானமா கேளுங்க. இசட்0011ன்னு ஒரு ஆய்வு, 5 சென்டிமீட்டர் வரை கட்டி, ஒண்ணு ரெண்டு நெறில மட்டும் கேன்சர், மார்ப காப்பாத்தி கரண்ட் வச்சவங்க, அவங்கள்ல வழிக்காம விட்டவங்களும் 10 வருஷம் கழிச்சு மத்தவங்களுக்கு குறையாம உயிரோட இருந்தாங்க. வழிச்சா கை வீக்கம் அதிகம், அமாரோஸ் ஆய்வுல 5 வருஷத்துல வழிச்சவங்கள்ல 23 சதவீதம், அக்குளுக்கு கரண்ட் மட்டும் வச்சவங்கள்ல 11. எங்க தெருல ஒரு அக்காவுக்கு அந்தக் கைல இன்னைக்கும் வளையல் ஏறாது.