எண்ணிக்கையா, தரமா? ஆங்கிலக் கூட்டுப் பெயரடைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறவர்களின் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. ‘மோர் பிக்கர்’ போன்ற பிழைகளைக் கணினியே கோடிட்டுக் காட்டிவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன். கணினி கண்டுகொள்ளாமல் விடுபவைதான் ஆபத்தானவை. ‘வெல்-ட்ரெயின்ட்’ போல இரு சொல் சேர்ந்து ஒரே பெயரடையாக நிற்கும் கூட்டுப் பெயரடைகளை ஒப்பிட்டு எழுதும்போது அவை வருகின்றன.

‘மோர் வெல்-ட்ரெயின்ட் நர்சஸ்’

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு மருத்துவமனையின் கோரிக்கை மனுவில் இந்தத் தொடர் இருந்தது. செவிலியர்களுக்கு இன்னும் நல்ல பயிற்சி தேவை என்பதுதான் எழுதியவரின் எண்ணம். படித்தவர்களோ, நல்ல பயிற்சி பெற்ற செவிலியர்கள் இன்னும் பலர் தேவை என்று புரிந்துகொண்டார்கள். மனு ஆள் சேர்ப்புப் பிரிவுக்குப் போய், காலியிடம் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பயிற்சி அந்த ஆண்டு நடக்கவே இல்லை.

பன்மைப் பெயருக்கு முன்னால் வரும் ‘மோர்’ எண்ணிக்கையையும் குறிக்கும், தரத்தையும் குறிக்கும். ஹைஃபன் போட்டாலும் இந்த மயக்கம் தீராது. அது ‘வெல்’லையும் ‘ட்ரெயின்ட்’டையும்தான் இணைக்கிறது. ‘வெல்’லையே ‘பெட்டர்’ ஆக்குங்கள்: ‘பெட்டர்-ட்ரெயின்ட் நர்சஸ்’. தரம்தான் பேச்சு என்பது அப்போது ஐயமின்றி விளங்கும். ‘மோர் ஹைலி பெய்ட்’ என்பதும் இதே குழி, ‘பெட்டர்-பெய்ட்’ போதும். ‘மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டீச்சர்ஸ்’ என்பதில் மயக்கம் தீர வாக்கியத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். ‘வெல்-ட்ரெயின்ட்’டிலோ ஒரு சொல்லை மாற்றினால் போதும். அதைக்கூடச் செய்யாமல் விடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எல்லாவற்றிலும் முதற்சொல்லை மாற்றுவது

மேலே சொன்னதைக் கற்றதும் சிலர் ‘ஷார்ட்டர்-சைட்டட்’ என்று எழுதத் தொடங்குகிறார்கள். தொலைநோக்கு இல்லாத திட்டத்தைச் சொல்ல ‘மோர் ஷார்ட்-சைட்டட்’ என்பதே சரி. ‘ஓல்ட்-ஃபேஷன்ட்’, ‘ஆப்சென்ட்-மைண்டட்’ ஆகியவையும் அப்படித்தான்: இரு சொல்லும் கலந்து ஒரே பொருளாகிவிட்டன. ‘லாங்-லாஸ்டிங்’ போன்றவற்றில் முதற்சொல் தன் பொருளோடு நிற்பதால் ‘லாங்கர்-லாஸ்டிங்’ ஆகும். ‘ஹார்ட்-வொர்க்கிங்’ இரண்டு வழியையும் ஏற்கும்.

ஹைஃபனை விடுவது

கூட்டுப் பெயரடை பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் ஹைஃபன் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ‘பெட்டர் ட்ரெயின்ட் நர்சஸ்’ என்பதை, பயிற்சி பெற்றவர்களிலேயே மேலானவர்கள் என்றும் படிக்கலாம்.

‘வெரி பெட்டர்-நோன்’

தவறு. ‘வெரி’க்குப் பதில் ‘மச்’ அல்லது ‘ஃபார்’ எழுதுங்கள்.

‘மோர் பார்ட்-டைம்’

வேலை பகுதிநேரமாக இருக்கும் அல்லது இருக்காது, ஒப்பீடு கிடையாது.